திருப்புகலூரில் நிறைவெய்திய திருத்தொண்டு

சிவநெறியிற் புகுதல் ஒருவாற்றான் எளிது. புகுந்த நெறியில் உடம்பு விழுமளவும் வழுவாது நிற்றலே அரிது. நோயோ, வறுமையோ, பெரியோர் கூட்டுறவோ ஒருவனை ஒருநாள் இறைவன் திருமுன் கொணர்ந்து நிறுத்துதல் கூடும். அன்று உருகிய நெஞ்சம் பல்லாண்டு கழிந்தபின்னும் அவ்வாறே உருகுமாயின், அதுவே மெய்யன்பு எனப்படும். தொடக்கத்து எழும் ஆர்வம் காட்டாற்று வெள்ளம் போல்வது. இறுதிவரை நிற்கும் அன்பு கோடையிலும் வற்றாத ஊற்றுக்கேணி போல்வது. முன்னதன் ஆரவாரம் பின்னதற்கு இல்லை; ஆயினும் ஊரார் நீருண்டு உயிர் வாழ்வது கேணியினாலேயாம்.

இனி, சாத்திரம் பயின்றாருள்ளும் ஒருசாரார், ஞானம் தலைப்பட்டார்க்குத் திருக்கோயில் வழிபாடும் கைத்தொண்டும் வேண்டப்படா என்றும், அவை தொடக்க நிலையில் உள்ளார்க்கே உரியன என்றும் கூறுவர். முதுமையும் தளர்ச்சியும் வந்துற்ற காலத்து இக்கூற்றுச் செவிக்கு மிக இனிதாயிருக்கும். இது மெய்யாயின், இறுதிவரை தொண்டின்கண் நிற்றல் அறியாமையின் நீட்சியேயாய் முடியும். மெய்யன்றாயின், இதனை நம்பித் தொண்டினைக் கைவிட்டார் தம் வாழ்வின் கனி முதிரும் பருவத்து அக்கனியையே உதறினாராவர். ஆகலின் இது சொல்லளவில் நிற்கும் வாதமன்று. சிவநெறியார் ஒவ்வொருவருடைய கடைநாளையும் பற்றியது. இதனைத் தெளிதற்குச் சாத்திரத்தோடு வரலாறும் துணை செய்யும். அவ்வரலாறு திருநாவுக்கரசு நாயனாருடையது.

காலமும் சான்றும்

நாயனார் வரலாற்றை அறிதற்கு முதற்சான்று அவர்தம் திருப்பதிகங்களே. நான்காந் திருமுறையில் 113, ஐந்தாந் திருமுறையில் 100, ஆறாந் திருமுறையில் 99 என 312 திருப்பதிகங்கள் இன்று கிடைத்துள்ளன. இவற்றுள் தாம் புறச்சமயம் புக்கிருந்த காலத்தை நினைந்து இரங்குதலும், இளமை வீணே கழிந்ததற்கு வருந்துதலும், அரசனால் உற்ற இடுக்கண்களையும் அவற்றினின்றும் இறைவன் காத்தமையையும் குறித்தலும் பலவிடத்தும் காணப்படும். அடுத்து, சுந்தரமூர்த்தி நாயனார் அருளிய திருத்தொண்டத்தொகை; அதன் வழிவந்த நம்பியாண்டார் நம்பிகள் திருவந்தாதியும், நாயனாரையே பொருளாகக் கொண்டு அவர் பாடிய திருவேகாதசமாலையும். இவை யாவற்றையும் தழுவி, கி. பி. 12ஆம் நூற்றாண்டில், 1133 முதல் 1150 வரை ஆண்ட இரண்டாங் குலோத்துங்க சோழன் காலத்தில், சேக்கிழார் பெருமான் 429 திருப்பாடல்களால் நாயனார் புராணத்தை விரித்தருளினார்.

காலத்தை வரையறுக்கவும் தக்க சான்றுகள் உள. நாயனாரோடு உடன்வாழ்ந்த திருஞானசம்பந்தமூர்த்திகள் திருச்செங்காட்டங்குடித் திருப்பதிகத்தில் சிறுத்தொண்டரைக் குறித்துள்ளார். சிறுத்தொண்டராவார் பரஞ்சோதியார் என்னும் படைத்தலைவராய் வாதாவி நகரை அழித்தவர் என்று சேக்கிழார் கூறுவர். வாதாவி வீழ்ந்தது முதலாம் நரசிங்கவர்மன் காலத்து, கி. பி. 642ஆம் ஆண்டிலாம். நாயனாரைத் துன்புறுத்திப் பின்னர்ச் சிவநெறி சார்ந்த பல்லவ மன்னன் திருவதிகையில் குணபர ஈச்சரம் என்னும் கோயிலை எடுத்தான் என்பது புராணம். குணபரன் என்பது நரசிங்கவர்மனின் தந்தையாகிய முதலாம் மகேந்திரவர்மனின் பட்டப் பெயர்களுள் ஒன்று. திருச்சிராப்பள்ளி மலைக் குகைக்கோயிற் கல்வெட்டு, குணபரன் என்னும் அரசன் இலிங்கத்தின் வாயிலாக மாறுபட்ட நெறியினின்றும் திரும்பினான் என்னும் கருத்துடையது. அதன் சிலேடையைப் பொருள்கொள்ளுதலில் அறிஞரிடையே வேற்றுமை உண்டாயினும், புராணமும் கல்லும் ஒரு பெயரையே சுட்டுதல் கருதத்தக்கது. இவற்றால் நாயனார் காலம் ஏழாம் நூற்றாண்டென்பது தெளிவாம். அவர் 81 ஆண்டு இவ்வுலகில் எழுந்தருளியிருந்தார் என்பது சைவ மரபு வழிவழிப் போற்றிவரும் கணக்கு.

பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியும் கற்பனையன்று. உலோகவிபாகம் என்னும் சமண நூல், காஞ்சி மன்னன் சிம்மவர்மன் ஆட்சியின் 22ஆம் ஆண்டில், சகம் 380இல், அதாவது கி. பி. 458இல், பாடலிகை என்னும் ஊரில் சர்வநந்தி முனிவரால் எழுதப்பெற்றது என அந்நூலே கூறும். அவ்வூர் திருப்பாதிரிப்புலியூரே என்பது ஆராய்ச்சியாளர் பலர் கொள்கை. ஆகவே, மருணீக்கியார் என்னும் இளைஞர் சென்று கற்றுத் தருமசேனர் என்னும் பெயரோடு தலைமை பெற்ற இடம், அவருக்கு ஒரு நூற்றாண்டிற்கு மேற்பட்ட காலத்திற்கு முன்னரே கல்வியாற் சிறந்து விளங்கிய நிலையமாம். அத்தகைய நிலையத்தின் மதிப்பையும் தலைமையையும் ஒருங்கே விட்டு அவர் மீண்டார் என்பது நினைக்கத்தக்கது.

தமக்கையார் காட்டிய நிலை

நாயனாருடைய உறுதியின் வேரினை ஆராயப் புகுவார் திலகவதியாரை மறத்தல் ஆகாது. திருவாமூரிற் புகழனாரும் மாதினியாரும் அடுத்தடுத்து மறைந்தனர். திலகவதியாருக்கு மணம் பேசப்பெற்ற கலிப்பகையார் போர்க்களத்தில் உயிர் துறந்தார். தாமும் உடன் உயிர்விடத் துணிந்த அவ்வம்மையார், தம்பி பிழைத்திருத்தல் வேண்டும் என்னும் அருளினால் உயிர் தாங்கினார். பின்னர் அத்தம்பியும் புறச்சமயம் புக்கபோது, அவர் திருவதிகை வீரட்டானத்தை அடைந்து, நாடோறும் திருக்கோயிலை அலகிடுதலும், சாணத்தால் மெழுகுதலும், மாலை தொடுத்தலும் ஆகிய தொண்டுகளை மேற்கொண்டார்.

இவ்வம்மையாருக்குத் தாம் வேண்டியது விரைவிற் கிட்டவில்லை. தம்பி ஓராண்டில் மீண்டாரல்லர். புறச்சமயத் தலைமை பெற்று மேன்மேலும் உயர்ந்தார். எனினும் அம்மையார் அலகினைக் கீழே வைத்தாரல்லர். வேண்டுகோள் நிறைவேறினும் நிறைவேறாவிடினும் தொண்டு நிற்கும் என்பதே அவர் வாழ்வு. சூலை நோயால் வருந்திய தருமசேனர் ஒரு நள்ளிரவில் தமக்கையார் திருவடியை வந்தடைந்தார். அம்மையார் திருநீறு தந்து, விடியற்காலையில் திருவலகும் மெழுக்குச் சாணமும் நீர்க்குடமும் ஏந்தித் தாம் வழக்கமாகச் செல்லும் வழியிலேயே அவரையும் உடன்கொண்டு திருக்கோயில் சென்றார். நாயனார் சிவநெறிக்கண் மீளப் புகுந்தபோது முதலிற் கண்டது வாதமோ நூலோ அன்று. அலகு ஏந்திய ஒரு கையே. பிற்காலத்து அவர் திருக்கையிற் பிரியாதிருந்த உழவாரப்படைக்கு மூலம் யாது என்று வினவுவார்க்கு இதுவே விடையாம்.

அச்சத்தால் வந்த சோதனை

மீண்ட செய்தி அரசன் செவிக்கு எட்டியது. நாயனார் நீற்றறையில் இடப்பெற்று ஏழுநாள் அடைக்கப்பட்டார். நஞ்சு கலந்த பாலடிசில் ஊட்டப்பெற்றார். மதயானையின் முன் நிறுத்தப்பட்டார். இறுதியிற் கல்லோடு பிணித்துக் கடலில் எறியப்பட்டார். இந்நான்கினும் அவர் திருவைந்தெழுத்தையே துணையாகப் பற்றி நின்றார் என்பதும், கடலில் நின்று நமச்சிவாயத் திருப்பதிகம் அருளினார் என்பதும், கல்லே தெப்பமாகத் திருப்பாதிரிப்புலியூரைச் சார்ந்து கரையேறினார் என்பதும் சைவர் யாவரும் அறிந்தன. அரசனுடைய ஆணைக்குத் தாம் உட்பட்டவர் அல்லர் என்னும் அவருடைய வீரமொழி, தமிழுலகில் அஞ்சாமைக்கு இலக்கணமாயிற்று.

இப்பகுதியைக் கற்போர் பலர் இதனோடு நாயனாருடைய உறுதி முற்றுப்பெற்றதாகக் கருதி, எஞ்சியவற்றைத் தலயாத்திரையின் விரிவாக மட்டுமே கொள்வர். அது பொருந்தாது. என்னை? துன்பத்தால் வரும் சோதனை வெளிப்படையானது. பகைவன் இன்னான் என்பதும், இழப்பது இன்னது என்பதும் அங்குத் தெரியும். தெரிந்த பகையை எதிர்த்தற்கு மறம் துணையாகும். அன்றியும், அத்தகைய சோதனை சில நாளில் முடிவுறும். நாயனாரின் நீண்ட வாழ்நாளில் அரசன் செய்த துன்பங்கள் நிகழ்ந்த காலம் மிகச் சிறிது. அதன்பின் வந்த பல்லாண்டுகளில் அவரை எதிர்த்து நின்ற அரசனும் இல்லை. ஒறுக்கும் படைஞரும் இல்லை. அப்பெருங்காலத்தில் அவர் நின்ற நிலையே உண்மையில் ஆராய்தற்குரியது.

இடைக்காலத்து உழவாரம்

அக்காலத்து அவர் செய்தது யாது? ஊர்தோறும் நடந்தார், திருக்கோயில் தோறும் முற்றத்திலும் சுற்றிலும் முளைத்த புல்லைச் செதுக்கினார், தமிழ்மாலை சாத்தினார். இவ்வளவே. திருத்தூங்கானைமாடத்தில், புறச்சமயத்தோடு பழகிய உடம்பை அடையாளமின்றித் தாங்கியிருக்க ஒருப்படாது, இடபமும் சூலமும் ஆகிய இலச்சினைகளை வேண்டிப் பெற்றார். சீகாழியிற் சிறுபிள்ளையாராகிய சம்பந்தப்பெருமான் அவரை அப்பரே என்று அழைத்தருளினார். திருநல்லூரில் இறைவன் திருவடி அவர் சென்னிமேற் சூட்டப்பெற்றது. திங்களூரில் அவரை முன்னர்க் காணாமலே அவர் பெயரால் தண்ணீர்ப் பந்தலும் மடமும் அமைத்துத் தம் மக்களுக்கும் அப்பெயரையே இட்ட அப்பூதியடிகளைக் கண்டார்.

திருவடி சூட்டப்பெற்ற பின்னரும் உழவாரம் நிற்கவில்லை என்பது ஈண்டு ஊன்றி நோக்கற்பாலது. திருவடி தீக்கை எய்திய ஒருவருக்கு இனிப் பெறவேண்டிய தீக்கை யாது? மறுநாட் காலையிற் புல் செதுக்குதல் எதனைப் பெறுதற்பொருட்டு? அத்தொண்டு ஒன்றைப் பெறுதற்கு வாயிலாயின், பெற்றபின் நின்றிருத்தல் வேண்டும். நில்லாமையால், அது வாயிலன்று என்பது பெறப்படும்.

திருவீழிமிழலையில் வற்கடம் வந்தபோது நிகழ்ந்ததும் இதற்குச் சான்றாம். இறைவன் இருபெருமக்களுக்கும் நாடோறும் படிக்காசு அருளினார். நாயனார் பெற்ற காசு வட்டமின்றி உடனே செலாவணியாயிற்று; பிள்ளையார் பெற்றது வாசியுடையதாயிருந்தது. பிள்ளையார் மகன்மை உரிமையுடையார் என்றும், அரசுகள் உடம்பினாற் கைத்தொண்டு செய்பவர் என்றும் சேக்கிழார் காரணம் காட்டுவர். உழைத்தார்க்கு உரிய கூலியில் வட்டம் பிடித்தல் முறையன்று என்னும் உலகவழக்கையே இறைவனும் கைக்கொண்டான் போலும். புல் செதுக்கும் தொழில் இறைவன் திருவுள்ளத்தில் பெற்ற மதிப்பு இதுவாகும்.

தொண்டர் இறைவனுக்கு உழைத்தலேயன்றி, இறைவன் தொண்டர்க்கு இரங்குதலும் இவ்விடைக்காலத்திற் காணப்படும். திருப்பைஞ்ஞீலிக்குச் செல்லும் வழியில் பசியாலும் நீர்வேட்கையாலும் நாயனார் தளர்ந்தபோது, இறைவன் அந்தணர் வடிவில் சோலையும் குளமும் ஆக்கி இருந்து, பொதிசோறு அளித்துத் துணையாகவும் வந்தருளினார். இறுதிவரை நிற்றல் அடியவன் ஒருவனுடைய வலிமையால் மட்டும் இயல்வதன்று. பற்றியவனை அவன் தலைவனும் பற்றியிருத்தல் வேண்டும் என்பதனை இது புலப்படுத்தும்.

கயிலை மறுக்கப்பட்டமை

முதுமையில் நாயனார் திருக்காளத்தியினின்றும் வடக்கே சென்றார். கயிலைமலையில் இறைவன் வீற்றிருக்கும் கோலத்தை இவ்வுடம்போடு காணும் வேட்கை அவரை ஈர்த்தது. திருப்பருப்பதம், தெலுங்கு நாடு, கன்னட நாடு, மாளவம், காசி என அவ்வழி நீண்டது. அப்பாற் காட்டினுள் அடிகள் தேய்ந்தன, கைகளாற் சென்றார், கைகளும் தேய மார்பினால் ஊர்ந்தார், அதுவும் இயலாதாகப் புரண்டு சென்றார். முனிவர் வடிவில் தோன்றிய இறைவன், மானிடர்க்கு அக்கயிலை எய்தற்கரிது, மீளுக என்றான். மீளேன் என்றார் நாயனார். பின்னர், அங்கிருந்த பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்து அங்கேயே கயிலைக் காட்சியைக் காண்க என்னும் ஆணை பிறந்தது.

இறுதிவரை நிற்றல் என்பதனை ஆராய்வார்க்கு இந்நிகழ்ச்சி பெரியதோர் உண்மையைத் தரும். முன்னர் அரசன் ஆணைக்கு அடிபணியாத நாயனார், ஈண்டு இறைவன் ஆணைக்கு உடனே பணிந்தார். உடம்பு தேய்ந்து கயிலை வழியில் வீழ்ந்திருப்பின் உலகம் அதனை அன்பின் எல்லையாகப் புகழ்ந்திருக்கும். ஆயினும் தாம் விரும்பிய முடிவினைத் தாமே தெரிந்துகொள்ளுதல் அடிமைக்கு இயல்பன்று. எங்கே முடிதல், எப்போது முடிதல் என்பன தலைவன் திருவுள்ளத்தின. உறுதி என்பது தன் எண்ணத்தைப் பற்றியிருத்தலன்று. தன்னை உடையானைப் பற்றியிருத்தல். ஆகவேதான் கயிலை செல்லாமையால் நாயனார்க்கு ஒரு குறையும் வந்திலது. காவிரிக் கரையில், ஆணும் பெண்ணுமாய் இணைந்து வரும் விலங்கிலும் பறவையிலும் சத்தியும் சிவமுமாய காட்சியை அவர் கண்டார்.

அதன்பின் திருப்பூந்துருத்தியில் திருமடம் அமைத்துத் தங்கினார். பாண்டி நாட்டினின்றும் மீண்டு வந்த சம்பந்தப்பெருமானை எதிர்கொள்ளச் சென்று, கூட்டத்தினுள் ஒருவராய் மறைந்து, அவருடைய சிவிகையைத் தாங்குவாருள் தாமும் ஒருவராயினார். அப்பர் எங்குற்றார் என்று பிள்ளையார் வினவ, அச்சிவிகையின் கீழிருந்தே விடை தந்தார். ஆண்டிலும் அனுபவத்திலும் மூத்தார் இளையார்க்குத் தோள் கொடுத்தலால், முதுமை அவர்பால் மதிப்பை எதிர்நோக்கும் பருவமாகாது தொண்டின் முதிர்ச்சியேயாயிற்று.

புகலூர் முற்றம்

பாண்டி நாடு சென்று மீண்ட நாயனார் இறுதியில் திருப்புகலூரைச் சேர்ந்தார். அப்பதி அவர்க்குப் புதிதன்று. நீராற் சூழப்பெற்ற அத்திருக்கோயிலில் மலர்த்தொண்டு செய்து வாழ்ந்த முருகநாயனாரின் திருமடத்தில், சம்பந்தப்பெருமானும் சிறுத்தொண்டரும் திருநீலநக்கரும் உடனிருக்க, முன்னொருகால் அவர் தங்கி அளவளாவியதுண்டு. இம்முறை அங்குத் தங்கிய நாயனார், முற்றத்தில் உழவாரத் தொண்டினை இடையறாது செய்துவந்தார்.

அப்போது உழவாரம் நுழைந்த இடங்களிலெல்லாம் பொன்னும் நவமணியும் விளங்கித் தோன்றின. நாயனார் அவற்றையும் ஆங்குக் கிடந்த பருக்கைக் கற்களையும் வேறுபாடின்றி ஒருங்கே வாரி எடுத்து, அருகிலிருந்த வாவியில் எறிந்தார். பின்னர் வானர மகளிர் வந்து ஆடியும் பாடியும் அவர் உள்ளத்தை மயக்க முயன்றனர். நாயனார் சித்தம் திரியாது தம் தொண்டிலே நின்றார். உள்ளத்தை அலைக்கும் வினைகளையும் குற்றங்களையும் நோக்கி, உமக்கு இங்கு ஆவதொன்றில்லை என்னும் கருத்தமைந்த திருத்தாண்டகத்தை அருளினார். மகளிரும் வணங்கி நீங்கினர்.

ஈண்டு ஓர் ஐயம் எழும். எண்பதாண்டு கடந்து, திருவடி சூட்டப்பெற்று, கயிலைக் காட்சியும் கண்ட ஒருவர்க்குப் பொன்னாலும் மகளிராலும் சோதனை எற்றுக்கு? இறைவன் அவருடைய நிலையை அறியானோ எனின், அறிவன். அச்சோதனை இறைவன் அறிதற்பொருட்டன்று. உலகம் அறிதற்பொருட்டு என்க. நாயனாரது நன்னிலையை உலகோர்க்குக் காட்டுதலே திருவுள்ளக் கருத்தெனச் சேக்கிழாரும் உணர்த்துவர். காட்டப்பட்டது யாதெனின், நீற்றறையில் அச்சத்தை வென்ற அதே உள்ளம் முற்றத்தில் ஆசையையும் வென்றது என்பதாம். இளமையில் உயிரை இழப்பேமோ என்னும் அச்சம் வலிது. முதுமையில் இனியேனும் சுகமாயிருப்போம் என்னும் விருப்பம் வலிது. பொன் என்பது ஈண்டுப் பொன் மட்டுமன்று. தளர்ந்த காலத்துக்கு ஒரு பற்றுக்கோடு வேண்டும் என்னும் எண்ணமும் அதனுள் அடங்கும். ஆடலும் பாடலும் என்பன மகளிரை மட்டும் குறித்தனவல்ல. உழைத்தது போதும், இனி ஓய்ந்து இன்புறுவோம் என்னும் அழைப்பும் அவற்றுள் அடங்கும். நாயனார் இவ்விரண்டற்கும் சொல்லால் விடை கூறுமுன் செயலால் விடை கூறினார். உழவாரத்தைக் கீழே வைத்தாரல்லர்.

அதன்பின் அவர் புகலூர்த் திருத்தாண்டகம் அருளித் திருவடிக்கண் வருதலை இறைவனுக்கு விண்ணப்பித்து, சித்திரைத் திங்கட் சதய நாளில் இறைவன் திருவடிக்கீழ் அமர்ந்தார்.

சாத்திரத்தோடு பொருத்தம்

தொடக்கத்திற் காட்டிய வாதத்தை இனி நோக்குக. நாயனாரைச் சரியை நெறிக்கும் தாச மார்க்கத்திற்கும் எடுத்துக்காட்டாகக் கூறுதல் சைவ மரபு. சரியை நான்கு பாதங்களுள் முதற்படி. அதன் பயன் சாலோகம். ஆகவே நாயனார் நிலை முதற்படியினதோ எனின், அன்று. சரியை முதலிய நான்கும் ஒவ்வொன்றும் நந்நான்காய்ப் பதினாறு ஆம் என்றும், அவற்றுள் ஞானத்திற் சரியை என்பதொன்று உண்டு என்றும் மரபு கூறும். சிவஞானம் கைவந்தார் செய்யும் திருத்தொண்டு, புறத்தோற்றத்தால் தொடக்க நிலையினர் செய்யும் தொண்டினை ஒக்குமாயினும், தன்மையால் வேறாம். மாணாக்கன் எழுதும் அகரமும் புலவன் எழுதும் அகரமும் வடிவால் ஒன்றாயினும், ஒன்று எழுத்தைக் கற்றற்கும் மற்றொன்று நூலை இயற்றற்கும் ஆதல் போல என்க.

இதற்குச் சிவஞானபோதமே வலிய சான்றாகும். மெய்கண்ட தேவர் 13ஆம் நூற்றாண்டில் அருளிய அந்நூலின் 12 சூத்திரங்களும் நான்கு இயலாய் மும்மூன்றாக அமைந்துள்ளன. ஏழு முதல் ஒன்பது வரையுள்ளன சாதன இயல். பத்து முதல் பன்னிரண்டு வரையுள்ளன பயனியல். இறைபணியின்கண் நிற்றல் பத்தாஞ் சூத்திரத்துக் கூறப்பட்டது. அயராத அன்பு பதினொன்றாஞ் சூத்திரத்துக் கூறப்பட்டது. மலம் நீங்கினார் மெய்யன்பரோடு கூடி, அடியார் திருவேடத்தையும் திருக்கோயிலையும் இறைவனெனவே கண்டு தொழுதல் பன்னிரண்டாஞ் சூத்திரத்துக் கூறப்பட்டது. இம்மூன்றும் எந்த இயலில் வைக்கப்பெற்றன என்பதனை நோக்குக. சாதன இயலிலன்று, பயனியலில். தொண்டும் வழிபாடும் ஏறியபின் தள்ளிவிடும் ஏணியாயின், அவற்றை நூலின் முடிவில், பெற்ற பயனைக் கூறும் இடத்தில், ஆசிரியர் வைத்திரார். அவை கனிக்கு முன் தோன்றி உதிரும் பூவன்று, கனியேயாம்.

அன்றியும், சீவன்முத்தர்க்கும் உடம்பு உள்ளளவும் பழைய பழக்கத்தின் வாசனை வந்து தாக்குதல் கூடும் என்பது சித்தாந்தம். பெருங்காயம் இருந்த கலத்தைக் கழுவிய பின்னும் அதன் மணம் நிற்றல் இதற்கு உவமையாகக் கூறப்படும். அவ்வாசனை தலையெடாதிருத்தற்குத் திருவேடமும் திருக்கோயிலும் அடியார் கூட்டமும் அரண்களாம். புகலூர் முற்றத்திற் பொன்னும் மகளிரும் தோன்றியபோது நாயனார் உழவாரப்படையோடு நின்றார் என்பதற்கும், பன்னிரண்டாஞ் சூத்திரத்திற்கும் இடையே ஏறத்தாழ ஆறு நூற்றாண்டுகள் உள. அச்சூத்திரத்தின் பொருள் எழுதப்பெறுமுன்னரே வாழ்ந்து காட்டப்பெற்றது.

இன்னும் ஒன்று. நாயனார் பெற்ற முடிவைக் கூறுமிடத்து, ஞானமும் இன்பமுமே உருவாகி இறைவன் திருவடிக்கீழ் வீற்றிருந்தார் என்னும் கருத்தையே சேக்கிழார் வைத்தார். உயிர் கெட்டொழிந்தது என்றாவது, தானே தலைவனாயிற்று என்றாவது கூறிற்றிலர். தாளும் தலையும் கூடித் தாடலை ஆதல் போல ஒன்றாய் நிற்பினும், தாள் தாளே, தலை தலையே என்பது சித்தாந்த முத்தி. அந்நிலையிலும் உயிர் அடிக்கீழே நிற்பதாயின், அடிமை என்றும் ஒழிவதன்று என்பது தானே போதரும். இறுதிவரை தொண்டில் நின்றார் இறுதிக்கு அப்பாலும் தொண்டிலேயே நிற்கின்றார். அவர்க்கு இறப்பு என்பது பணியினின்றும் நீங்குதலன்று, பணியிடம் மாறுதலே.

பின்னோர் போற்றிய வகை

நாயனாருடைய திருக்கை ஓய்ந்தபின் அவர் தமிழ் ஓயவில்லை. ஒன்பதாம் நூற்றாண்டிலே, நந்திவர்ம பல்லவன் காலத்துத் திருவல்லம் கல்வெட்டுத் திருப்பதியம் பாடுவார்க்கு நிவந்தம் கூறுகின்றது. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்வார் 48 பேரையும், உடுக்கை வாசிப்பார் ஒருவரையும், கொட்டி மத்தளம் வாசிப்பார் ஒருவரையும் நியமித்து, ஒவ்வொருவர்க்கும் நாள் ஒன்றுக்கு முக்குறுணி நெல் அளித்தான். ஒருவர் ஓய்ந்த இடத்தில் மற்றொருவர் வந்து பாடவேண்டும் என்னும் ஏற்பாடும் அக்கல்வெட்டில் உண்டு. முடிவின்றித் தொண்டு நடத்தல் வேண்டும் என்னும் கருத்தினையே அரசனும் கல்லிற் பொறித்தான்.

சிற்பிகளும் நாயனாரை உள்ளவாறே உணர்ந்தனர். சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் அவர் கூப்பிய கையினராய், தோளிற் சாய்ந்த உழவாரப்படையோடு நிற்பர். கையில் ஏடு கொடுத்தாரல்லர். வாக்கின் மன்னர் எனப் பெயர் பெற்றார்க்கு அடையாளமாகப் புல் செதுக்கும் கருவியையே வைத்தனர். சொல்லால் உலகை ஆண்டவர் தம்மை எவ்வாறு கருதினார் என்பதனை அவர்கள் அறிந்திருந்தனர்.

ஆகவே, ஞானம் வந்தபின் தொண்டு வேண்டா என்பார்க்குப் புகலூர் முற்றமே விடையாம். ஆண்டு முதிர்ந்தும் உடம்பு தளர்ந்தும் உள்ள அன்பர், பெரிய தொண்டு செய்ய இயலாமைக்கு வருந்தவேண்டுவதில்லை. ஒரு நாட்குரிய புல்லை ஒரு நாளிற் செதுக்குதலே நாயனார் செய்தது. கையால் இயலாதவர் வாயாலும், வாயால் இயலாதவர் நெஞ்சாலும் அதனைச் செய்யலாம். கருவி சிறிதாயினும் அது கைவிடப்படாதிருத்தலே வேண்டுவது. அங்ஙனம் நின்றார்க்குக் கடைநாள் என்பது புதிதாய் வந்து அஞ்சுவிக்கும் நாளன்று; நாடோறும் செய்துவந்த பணியின் மற்றொரு நாளேயாம்.

திருச்சிற்றம்பலம்.